நாலாவது பலகை

போன மாதம் செங்கல்பட்டில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த வயர்மேன்களுக்கும் துணைமின் நிலைய ஆபரேட்டர்களுக்கும் ஒரு பாதுகாப்பு வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற ஆபரேட்டர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிடம் பேசுங்கள் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் எழுந்து போகவில்லை. பேசி முடித்து உட்கார்ந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் ஆபரேட்டர் கேட்ட கேள்வியால் வந்தது. "சார், இப்ப லைன் க்ளியர் வாங்குனா போனுக்கு நம்பர் வருது. வாங்குன ஆளு அந்த நம்பரைத் திருப்பிச் சொன்னாத்தான் நாங்க லைனை சார்ஜ் பண்ண முடியும். உங்க காலத்துல அதெல்லாம் கெடையாது. இன்னாத்த நம்பி சார் கைப்பிடியத் திருப்புனீங்க?"

அரசாங்க வகுப்பு. அங்கே சாமி பற்றிப் பேசலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். ஆனால் அதை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கிரேஸ், "அங்க சொன்னதை அப்படியே எழுதிடுங்க, ஆறிப்போறதுக்குள்ள" என்றாள். எழுதுகிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். செய்யூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா மணிலாக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் கொல்லையில், கூலி வேலை செய்தவர். அம்மா எங்கள் ஊர்ச் சின்னத் தேவாலயத்தைப் பெருக்கித் துடைத்து வந்தவள். ஐடிஐ முடித்து, இரண்டு வருடம் கம்பம் நட்டு, பரீட்சை எழுதி, இருபத்தாறு வயதில் ஆபரேட்டர் ஆனேன். அதற்கு மேல் அந்த வருடங்களில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆபரேட்டர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். துணைமின் நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் பதினோராயிரம் வோல்ட் லைன்கள் புறப்படும். ஒவ்வொன்றுக்கும் பீடர் என்று பெயர். பீடரில் எங்கேயாவது கம்பி அறுந்தால், கம்பத்தில் ஏறப்போகிறவர் எனக்குப் போன் செய்வார். நான் பிரேக்கரை நிறுத்துவேன். வெளியே யார்டுக்குப் போய், தரையிலிருக்கும் கைப்பிடியை இறக்கி சுவிட்சைத் திறப்பேன். மேலே அந்தச் சுவிட்சின் மூன்று கத்திகளும் விலகி நிற்பதைக் கண்ணால் பார்ப்பேன். கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று எழுதிய சிவப்புப் பலகையை அதில் மாட்டுவேன். பிறகு உள்ளே வந்து பதிவேட்டில் அவர் பெயரையும் நேரத்தையும் எழுதி, அதை அவருக்குப் படித்துக் காட்டி, "லைன் க்ளியர் குடுத்தாச்சு" என்பேன். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் ஏறுவார்.

ஒரே பீடரில் நாலு பேர் நாலு இடத்தில் வேலை செய்தால் நாலு பலகை தொங்கும். வேலை முடிந்ததும் யார் வாங்கினாரோ அவரே பேசி, "என் ஆளுங்க எறங்கிட்டாங்க, எர்த் எடுத்தாச்சு, லைனை எடுத்துக்கலாம்" என்று திருப்பித் தர வேண்டும். எர்த் என்பது வேலை முடியும்வரை கம்பியைத் தரையோடு இணைத்து வைக்கும் காப்பு. ஒவ்வொருவர் பேசும்போதும் ஒரு பலகை இறங்கும். நாலும் இறங்கிய பிறகுதான் பூட்டைத் திறந்து லைனைச் சார்ஜ் செய்யலாம், அதாவது கரண்ட் விடலாம்.

இதைப் படிக்கும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது! வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் நானே இதில் தவறினேன்.

சித்திரை மாத நண்பகல். ஒரு பீடரில் இரண்டு பேர் லைன் க்ளியர் வாங்கியிருந்தார்கள். "முடிஞ்சுது, போட்டுக்கோ" என்று போனில் ஒரு குரல் வந்தது. யார் என்று கேட்கவில்லை. ஊரில் மூன்று மணி நேரமாகக் கரண்ட் இல்லை, போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பலகையையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுச் சார்ஜ் செய்தேன். பெருமாள் என்ற வயர்மேன் அப்போது ஏணியில் நின்றுகொண்டிருந்தார். உயிர் தப்பினார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "ஆசீரு, பதிவேட்டுல அஞ்சு நிமிசம் முன்ன பின்ன மாத்திப் போட்டுக்கலாம். அவன் திருப்பிக் குடுத்தான்னு எழுதிக்கோ. யாருக்கும் தெரியாது." பேனா என் கையில்தான் இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். கிரேஸ் வயிற்றில் பிள்ளை. வேலை போனால் என்ன செய்வேன்? பக்கத்தில் இருந்த பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஜெபம் என்று அதைச் சொல்லலாமா தெரியாது. "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. வெளியே வந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். 'யார் பேசியது என்று கேட்காமல் சார்ஜ் செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தண்டனை வந்தது. அனுபவித்தேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெருமாளைப் பார்க்கப் போனபோது அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெருமாள் மட்டும், "நீ எழுதுனது கேள்விப்பட்டேன். குந்து" என்று கட்டிலில் இடம் விட்டார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. லைன் க்ளியர் கொடுத்து முடித்ததும் பதிவேட்டில் எழுதிய பெயரின் மேல் விரலை வைத்து அந்த ஆளுக்காக ஜெபிப்பேன். நீளமாக ஒன்றுமில்லை. 'ஆண்டவரே, முனுசாமி மேலே இருக்கிறார். பத்திரமாக இறக்கும்.' அவ்வளவுதான். அவர் திருப்பிக் கொடுத்ததும் 'நன்றி' என்பேன். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் என்ற கணக்கெல்லாம் கிடையாது; கம்பத்தில் ஏறினவன் எல்லாம் என் ஆள். முப்பது வருடம் இதைச் செய்தேன். பெயரைச் சொல்லி ஜெபித்த ஆளை மறந்துவிட்டுக் கைப்பிடியைத் திருப்ப முடியாது. முயன்று பார்த்தால் தெரியும்.

இனி புயலுக்கு வருகிறேன்.

ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தபோது அடித்த புயல் அது. கடலோரம் முழுக்க அடிபட்டது. சவுக்குத் தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. எங்கள் நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் பீடரில் மட்டும் அறுபது எழுபது கம்பங்கள் சாய்ந்திருந்தன. வேறு பிரிவுகளிலிருந்து ஆட்கள் லாரி லாரியாக வந்தார்கள். அந்த மூன்று நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது! யாரும் யாரையும் வேலை செய்யச் சொல்லவில்லை. உப்புமாவை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஓடினார்கள். ஒவ்வொரு பீடராக நான் உயிர் கொடுக்கக் கொடுக்க, தூரத்து ஊரில் சனங்கள் "ஓ"வென்று கத்துவது நிலையம் வரைக்கும் கேட்கும். அரிசி மில் ஓடத் தொடங்கும், மோட்டார் ஓடத் தொடங்கும். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருக்கும்.

எங்களுக்கு அப்போது உதவிப் பொறியாளராக இருந்தவர் சுலோசனா மேடம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவை, காலில் ஆண்கள் போடும் ஷூ. கிருத்திகை தவறாமல் திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நிலையத்துக்கு வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். நின்றபடியே பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியாக ஆட்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே வருவார். விரல் ஓர் இடத்தில் நின்றால் நம் நெஞ்சும் நின்றுவிடும். எப்போதும் மூன்றே கேள்விகள்தான். "யார் திருப்பிக் குடுத்தது? எத்தனை மணிக்கு? அவர் வாயால சொன்னாரா?" மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். நன்றாகச் செய்தாய் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் மழையில் ஒரு வயர்மேனின் கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்ததைப் பார்த்துவிட்டு, அவரை ஏற விடாமல் நிறுத்தி, செங்கல்பட்டுக்குத் தானே போய்ப் புதுக் கையுறை வாங்கி வந்து கொடுத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம். கடற்கரை பீடர்தான் பாக்கி. மேடம் வேறொரு நிலையத்து லைனில், தள்ளியிருந்த ஒரு கடலோரக் குப்பத்தில் கம்பம் நட வைத்துக்கொண்டிருந்தார். அங்கே செல்போன் டவர் விழுந்துவிட்டதால் அவரோடு பேச வழியில்லை. பீடரில் நாலு குழுக்கள். கைப்பிடியில் நாலு பலகைகள். ஒன்றே முக்கால் மணிக்குள் மூன்று பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாலாவது பெயர் காதர். புதுப்பட்டினத்திலிருந்து புயல் வேலைக்கு வந்த வயர்மேன். நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும். காலையில் லைன் க்ளியர் கேட்டபோது, "அண்ணே, நான் காதர். ஏரிக்கு அந்தாண்ட கடைசி துண்டு என்னுது" என்று சொன்ன குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆளைப் பார்த்ததில்லை.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. காதர் குழுவில் இருந்த இன்னொருவர், லாரியில் போய்க்கொண்டே பேசினார்.

"அண்ணே, எங்க வேல முடிஞ்சுது. நாங்க கெளம்பிட்டோம். லைன் போட்டுக்கோங்க."

"காதர் எங்க?"

"பாய் பைக்குல வந்தாரு. வூட்டுக்குப் பூட்டாரு போலக்கீது. அவரு போன் எடுக்கல. எர்த் எல்லாம் எடுத்தாச்சுண்ணே, நானே எடுத்தேன்."

"நீ அவர் எறங்கினதப் பாத்தியா? போனதப் பாத்தியா?"

"கூடத்தான் டீ குடிச்சாருண்ணே. அப்பால நாங்க வண்டி ஏறிட்டோம்."

"அவரே பேசணும்" என்று வைத்துவிட்டேன். காதர் எண்ணுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அதேதான்.

இரண்டு ஐந்துக்கு வாசலில் ஒரு பைக் வந்து சாய்ந்தது. தேவராஜ். எங்கள் சபைக்காரர், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. அவர் அம்மா புஷ்பம் டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டு, ஒரு வருடமாக வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். புயல் நாளிலிருந்து சபையின் ஜெனரேட்டரை வைத்து மெஷினை ஓட்டினார்கள். அது அன்று மத்தியானம் புகைந்து நின்றுவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரில் ஒரு மணி நேரத்துக்குத்தான் காற்று இருந்தது. ரோட்டில் மரங்கள் கிடந்ததால் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர முடியவில்லை.

"ஆசீரு, லைன் ரெடியாமே! ரோட்டுல வயர்மேனுங்களே சொல்லிகினு போறாங்க. இன்னாத்துக்கு நிறுத்தி வச்சிகினு கீற?"

"ஒருத்தர் இன்னும் திருப்பிக் குடுக்கலப்பா. ஆள் எங்கன்னு தெரியல."

"எங்கம்மா எங்க கீதுன்னு தெரியும் இல்ல? கட்டுல்ல கீது! ஒரு மணி நேரந்தான் கீது!" அவர் மேசையில் ஓங்கி அடித்தார். "தெனம் சபையில முன்னாடி நின்னு ஜெபம் பண்ற. நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவனா?"

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் புஷ்பம் டீச்சர். என்னுடைய ஐடிஐ விண்ணப்பத்தை எழுதியவரும் அவர்தான். தேவராஜின் வாய் கோணிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் டிவிஷன் அலுவலகத்திலிருந்து ஒரு மேலதிகாரியின் போனும் வந்தது.

"கடற்கரை பீடர் இன்னும் ஏன் சார்ஜ் ஆகல?"

"ஒரு லைன் க்ளியர் நிக்குது சார். காதர்னு."

"அவங்க ஆளே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாராமே?"

"காதர் சொல்லல சார்."

"எவ்ளோ பேர் வாழ்க்கை நிக்குது தெரியுமாய்யா? நான் சொல்றேன், போடு."

"போட முடியாது சார்."

"எழுத்துல குடுத்தா போடுவியா?"

"குடுத்தாலும் போட மாட்டேன் சார்."

"நாளைக்கு அந்த நாற்காலியில நீ இருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் அப்போது கல் மாதிரி நின்றேன் என்று வகுப்பில் இருந்த பிள்ளைகள் நினைத்தார்கள். இல்லவே இல்லை. போனை வைத்ததும் சாவியை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். கைப்பிடிக்கு முன்னால் நின்றேன். ஒற்றைப் பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காதர் வீட்டுக்குத்தான் போயிருப்பார், நூற்றுக்குத் தொண்ணூறு. புஷ்பம் டீச்சர் கட்டிலில் இருப்பது நூற்றுக்கு நூறு. சாவி பூட்டுக்குள் போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன், பாதி திருகிவிட்டேன்.

வாய் தானாக ஜெபிக்கத் தொடங்கியது. 'ஆண்டவரே, புஷ்பம் டீச்சரைக் காப்பாற்றும்.' அடுத்த வரி பழக்கத்தில் வந்தது. 'காதர் மேலே இருக்கிறார். பத்திரமாக இறக்கும்.' காலையிலிருந்து நாலைந்து தடவை சொன்ன வரி. சொன்னதும் கை நின்றது. அவர் மேலே இருக்கிறார் என்று ஆண்டவரிடமே சொல்லிக்கொண்டு, அடுத்த நொடி அவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்துக் கம்பியில் கரண்டை விடுவதா? வானத்திலிருந்து குரல் ஒன்றும் கேட்கவில்லை. காதர் எங்கே இருக்கிறார் என்று எனக்குக் காட்டப்படவும் இல்லை. தெரியாது, ஆகையால் திருப்ப மாட்டேன், அவ்வளவுதான் தெளிந்தது. சாவியை வெளியே எடுத்தேன். அதோடு இன்னொன்றும் உறைத்தது: திருப்பாமல் நிற்பது மட்டும் போதாது. இரண்டு உயிருக்கும் இந்த நொடியே ஓட வேண்டும்.

ஓடினேன். ஐம்பத்து நாலு வயதில் அப்படி ஓடியிருக்கிறேன்!

யார்டில் கம்பம் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று நின்றது. டிரைவர் கன்னியப்பன் அதன் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கன்னியப்பா, ஏரிக்கரை மேல ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் டிராக்டர் போவுமா?"

"சேறாக் கீது. போவும்."

"அங்க பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் கீது. தேவராஜைக் கூட்டிகினு போய் அதைத் தூக்கிகினு வா. டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

கன்னியப்பன் கையைக்கூடக் கழுவவில்லை. தேவராஜ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். டிராக்டர் குதித்துக்கொண்டு போனது. சுகாதார நிலையத்தின் டாக்டரம்மா தரைவழிப் போனில் கிடைத்தார். "அனுப்புங்க, வாசல்லயே உருட்டி வச்சிருக்கோம்" என்றார்.

பிறகு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். நிலையத்தில் என்னோடு இருபது வருடம் வேலை பார்த்த உதவியாளர், என்னை விட இரண்டு வயது இளையவர், முழங்கால் வலிக்காரர். "ஏகாம்பரம், கடைசி துண்டு மூணு கிலோமீட்டர். ஒவ்வொரு கம்பமா பாத்துகினே போவணும். காதரைக் கண்டுபுடி."

"வண்டி போற வரைக்கும் வண்டி. அப்பால நடக்கறேன்" என்றார். தன் டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். காதர் எண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தேன். நடுவில் என் விரல் பதிவேட்டில் அந்தப் பெயர் மேலேயே இருந்தது. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குடத்தோடு பெண்கள், கடைக்காரர்கள், ஐஸ் உருகி இறால் கெட்டுப்போகிறது என்று ஒரு மீன் வியாபாரி. "இன்னாய்யா ஆபரேட்டரு, தூங்கறியா?" என்று ஒருவர் கத்த, ஒரு கல் ஓட்டின் மேல் விழுந்தது. நான் எழுந்து போய்ச் சன்னல் வழியாகச் சொன்னேன்: "ஒருத்தர் கம்பத்துல இருக்கலாம். உங்க வூட்டு ஆளா நெனச்சுக்கோங்க. வந்ததும் போடறேன்." குடத்தோடு நின்ற ஒரு பெண், "சும்மா கெடங்கய்யா, அவரு சரியாத்தான் சொல்றாரு" என்றாள். அதன் பிறகு கல் விழவில்லை.

மூன்று மணி ஆனது. மூன்று பத்து. டீச்சரின் சிலிண்டர் தீரும் நேரம். 

மூன்று பதினாலுக்குப் போன் அடித்தது. ஏகாம்பரம். மூச்சு வாங்கியதில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே... மேல... மேல கீறாரு அண்ணே!"

"எங்க?"

"கடைசிக்கு மூணாவது கம்பம், சவுக்குத் தோப்புக்குள்ள! பெல்ட்டு போட்டுகினு குந்திகினு கீறாரு! கம்பியக் கட்டிப் புடிச்சிகினு கெளய அறுத்துகினு கீறாரு!"

 ஓவென்று கத்திவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

நடந்தது இதுதான். டீ குடித்துவிட்டு எல்லோரும் கிளம்பியதும் காதர் பைக்கில் ஏறியிருக்கிறார். தோப்பைத் தாண்டும்போது ஒரு கம்பத்தில் முறிந்த சவுக்குக் கிளை ஒன்று கம்பியின் மேல் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். லைன் தன் பெயரில்தான் நிற்கிறது, தான் திருப்பிக் கொடுக்காமல் யாரும் போட மாட்டார்கள் என்ற தைரியத்தில் தனியாக ஏறியிருக்கிறார். ஏறும்போது செல்போன் பையிலிருந்து நழுவிக் கீழே தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்துவிட்டது. கிளையை அறுத்து முடித்து இறங்கிப் பேசிக்கொள்ளலாம் என்று மேலேயே இருந்துவிட்டார். எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்று இருபத்தாறுக்கு அவரே பேசினார், ஏகாம்பரத்தின் போனில். காலையில் கேட்ட அதே குரல்.

"அண்ணே, காதர் பேசறேன். எறங்கிட்டேன். எர்த் இல்ல, ஆளு இல்ல. லைன எடுத்துக்கங்க."

"காதரா?"

"காதர்தாண்ணே."

"இன்னொரு தடவ சொல்லு."

சிரித்தார். "காதர்தாண்ணே! ஏன் அழுவறீங்க?"

நாலாவது பலகையைக் கழற்றினேன். பூட்டைத் திறந்து கைப்பிடியை ஏற்றினேன். உள்ளே வந்து பிரேக்கரைப் போட்டேன். 'டக்'கென்று அந்தச் சத்தம்! மீட்டர் முள் எழுந்து நின்றது. வாசலில் இருந்த கூட்டம் கத்திய கத்தலில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. மீன் வியாபாரி உள்ளே ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என் சட்டை ஒரு வாரம் இறால் நாற்றம் அடித்தது.

ஆனால் டீச்சர்? ஐந்து நிமிடம் கழித்துக் கிரேஸ் போன் செய்தாள். டிராக்டர் மூன்று ஐந்துக்கே வந்துவிட்டது, தேவராஜ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார், டீச்சர் நன்றாக இருக்கிறார், இப்போது மெஷினும் ஓடுகிறது என்றாள். நான் அப்படியே தரையில் முழங்கால் போட்டுவிட்டேன். ஏகாம்பரம் அங்கே இல்லாதது எனக்குக் குறையாக இருந்தது. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாலரைக்குச் சுலோசனா மேடம் முழங்கால் வரை சேற்றோடு நடந்தே வந்தார். நின்றபடி பதிவேட்டைத் திறந்தார். விரல் ஓடியது. காதர் பெயரில் நின்றது.

"யார் திருப்பிக் குடுத்தது?"

"காதர், மேடம்."

"எத்தனை மணிக்கு?"

"மூணு இருபத்தாறு."

"அவர் வாயால சொன்னாரா?"

"ரெண்டு தடவ சொன்னாரு மேடம்."

சுருக்கொப்பம் போட்டார்.   பிறகு பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். இருபது பேர் பாராட்டியிருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்காது.

மறுநாள் மெமோ வந்தது; மேலதிகாரி சொன்னதைச் செய்யவில்லை, விளக்கம் தா என்று. நடந்ததை நேரத்தோடு எழுதினேன். மேடம் அதன் கீழே, 'அங்கே நான் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து அந்த அதிகாரியே நிலையத்துக்கு வந்தார். தான் காதர் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னார்.  

புயலுக்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போனேன். எப்படி முகத்தைப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். "டீச்சர், மன்னிச்சுக்கோங்க" என்றுதான் தொடங்கினேன். மூக்கில் குழாயோடு அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்குடா மன்னிப்பு? நீ போட்டிருந்தியின்னா அந்த மெஷின்ல நான் ஒரு நாளாச்சும் மூச்சு வுட்டுகினு இருந்திருப்பனா?" மூச்சு வாங்கினார். நிறுத்தி, மறுபடி சொன்னார்: "அந்தப் புள்ள பேரு இன்னா? காதரா? அவன் பொண்டாட்டி, புள்ளைங்களோட கூட்டிகினு வா. நான் அவன் மூஞ்சியப் பாக்கணும்."

அடுத்த வாரம் காதர் வந்தார். மனைவி, இரண்டு மகள்கள். நானும் அன்றுதான் அவர் முகத்தை முதல்முறை பார்த்தேன்; குரலை வைத்து நான் நினைத்ததை விடக் குட்டையான ஆள். டீச்சர் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"அவ்ளோ நேரம் மேல இன்னாப்பா பண்ணிகினு இருந்த?"

"கெள அறுத்தேன் டீச்சர். பாதியிலயே செம பசி."

வீடு முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரித்துச் சிரித்து இருமினார். காதரின் மனைவி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேவராஜ் அதுவரை சமையலறைக் கதவோரமாகவே நின்றிருந்தார். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. அவர் சொன்ன வார்த்தை எனக்குள் இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் சாப்பாடு போடச் சொன்னதும் அவர்தான் இலை போட்டார். காதர் கை கழுவச் சொம்பில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியதில் தண்ணீர் காதரின் சட்டையெல்லாம் தெறித்தது. சோறு வைத்தார், மீன் குழம்பு ஊற்றினார், ஒரு வறுத்த வஞ்சிரத் துண்டு வைத்தார். காதர் "போதும்ணே" என்றார். தேவராஜ் இன்னொரு துண்டு வைத்தார். "போதும்ணே, சத்தியமா போதும்." இன்னொன்று வைத்தார். தட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோகும் வரைக்கும், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே, அவர் காதரின் இலையில் வைத்துக்கொண்டே இருந்தார்.